அடக்க விலை

குளிர்காலத்து நாள் ஒன்றில், அமெரிக்காவின் மில்வாக்கி நகரத் தெருவில் ஒரு பையன் ஓடிக்கொண்டிருக்கிறான். உடம்பில் மெல்லிய ஜாக்கெட் மட்டும். வருஷம் 2013. கையிலிருந்த பணம் முழுவதையும் வெஸ்டர்ன் யூனியனில் கட்டி ஏதென்ஸில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அனுப்பிவிட்டான். அனுப்பி முடித்த பிறகுதான் டாக்சிக்குக் காசில்லை என்பது உறைக்கிறது. அன்றைக்கு பிராட்லி சென்டர் அரங்கில் ஆட்டம். ஆடப்போகிறவர்களில் அவனும் ஒருவன். நேரமாகிவிடும் என்று ஓடுகிறான். ஒரு கார் பக்கத்தில் வந்து நிற்கிறது. உள்ளே கணவனும் மனைவியும். பக்ஸ் கூடைப்பந்து அணிக்குப் புதிதாக வந்திருக்கும் பையன்தானே நீ என்று கேட்டு, ஏற்றிக்கொண்டுபோய் அரங்கத்தில் விடுகிறார்கள். யானிஸ் ஆன்டெட்டோகும்போவைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. எனக்குப் பல வருஷமாகப் பிடித்தது இதுதான். கூடைப்பந்தின் வாசனையே அறியாத நண்பர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில், கார் நிற்கிற இடத்தில், சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். கொஞ்ச காலமாக அப்படிச் சிரிக்க முடியவில்லை. கதை மாறிவிடவில்லை. அது எனக்குத் தருகிற இன்பம் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் யோசிக்கப்போய், யோசனை நான் நினைத்த இடத்தில் நிற்காமல் போய்விட்டது.

அந்த வருஷம் அவன் சம்பளம் ஏறக்குறைய பதினெட்டு லட்சம் டாலர். அது தெரிந்துதான் நாம் சிரிக்கிறோம். லட்சக்கணக்கில் சம்பாதிக்கிறவன் டாக்சிக்குக் காசில்லாமல் ஓடுகிறான். தான் யார் என்பது அவனுக்கே இன்னும் தெரியவில்லை. நம்மை மயக்குவது அந்தத் தெரியாமை. அமெரிக்கா வந்த புதிதில் பழச்சாறும் தயிரும் அடித்துக் கலந்த ஸ்மூத்தியை முதல்முறை குடித்துப் பார்த்துவிட்டு, அந்தப் பரவசத்தை ஊருக்கே சொன்னான். அதையும் ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ‘பணிவான பையன்’ என்ற சொல் அவன் பெயருக்கு முன்னால் பட்டம்போல ஒட்டிக்கொண்டது. நம்மிடம் இதற்கு இன்னும் நல்ல சொல் இருக்கிறது: அடக்கம். வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். பெண் பார்க்கப் போனாலும், வேலைக்கு ஆள் எடுத்தாலும், வாடகைக்கு வீடு கொடுத்தாலும் நாம் முதலில் தேடுவது இதைத்தான். ஆனால் இந்தச் சொல்லை நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் அதன் மற்ற ருசிகளும் தெரியும். செத்தவரைப் புதைப்பதும் அடக்கம்தான். கடைக்காரர், லாபம் வைக்காமல் தருகிறேன் என்று சத்தியம் செய்யும்போது சொல்வது அடக்க விலை. நல்ல குணம், புதைகுழி, லாபமில்லாத விலை எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழியில் யோசிக்கிறவன் நான். புதிதாக வந்தவனை அடக்கமானவன் என்று புகழும்போது, இவன் நமக்கு அடக்க விலைக்குக் கிடைத்திருக்கிறான் என்ற சந்தோஷமும் அதில் கலந்திருக்கிறதா என்பதுதான் என்னைக் குடைகிற கேள்வி.

அவன் எங்கிருந்து வந்தான் என்பதைக் கொஞ்சம் பார்க்காமல் நகர முடியவில்லை. ஏதென்ஸின் செப்போலியா பகுதி. பெற்றோர் நைஜீரியாவிலிருந்து 1991இல் வந்தவர்கள். மூத்த மகனைப் பாட்டி தாத்தாவிடம் விட்டுவிட்டு வந்தார்கள். யானிஸ் பிறந்தது 1994இல், கிரேக்க மண்ணில். ஆனால் பிறந்ததற்காக அந்த நாடு அவனுக்கு எந்தத் தாளும் தரவில்லை. நைஜீரியாவின் தாளும் கையில் இல்லை. பதினெட்டு வருஷம் எந்த நாட்டுக்காரனாகவும் இல்லாமல், அண்ணன் தனாசிஸுடன் தெருவில் கூலிங் கிளாஸும் கைக்கடிகாரமும் கைப்பையும் விற்றான். அப்பா அம்மாவை எந்த நேரமும் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தோடு வளர்ந்த வீடு. அண்ணனும் தம்பியும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். பக்கத்துக் காபிக் கடைக்காரர் ஒருவர் பையன்களுக்கு சாண்ட்விச்சும் ஜூஸும் கொடுப்பாராம். இவன் யாராக ஆவான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கார் நின்ற கதையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கடைக்காரரும் இப்போது கூடவே நினைவுக்கு வந்துவிடுகிறார். 2013 மே மாதம் குடியுரிமை கிடைத்தது. ஜூன் 27ஆம் தேதி புரூக்ளினில் நடந்த டிராஃப்டில், அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் நிகழ்ச்சியில், பதினைந்தாவது ஆளாக மில்வாக்கி அவனை எடுத்தது. பிறந்த ஊர் பதினெட்டு வருஷம் கொடுக்காமல் வைத்திருந்ததை, வெளிநாட்டு அணி ஒன்று கூப்பிடப்போகிறது என்று தெரிந்த பிறகு சில வாரங்களில் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் பொன் விடியல் என்று பெயர் வைத்துக்கொண்ட நாஜிக் கட்சியின் தலைவர், தொலைக்காட்சியில் உட்கார்ந்து அவனை மிருகத்தோடு ஒப்பிட்டுப் பேசினார். 2020 அக்டோபரில் ஏதென்ஸ் நீதிமன்றம் அந்தக் கட்சியையே குற்றக்கும்பல் என்று தீர்ப்பளித்தது. இத்தனையையும் கடந்து வந்தவனிடம் இருந்ததைப் பணிவு என்று பெயரிடும்போது என் கை தயங்குகிறது. அது பழக்கமாகவும் இருக்கலாம். போலீஸ்காரர் எதிரே வந்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுகிற உடம்பின் பழக்கம். கையில் வந்த பணம் நாளைக்கு இருக்குமா என்று நம்பாமல் இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறவனின் பழக்கம்.

அவன் பெயரைப் பற்றி ஒரு விஷயம். தமிழ் வாசகருக்குச் சொன்னால் சட்டென்று பிடிபடும். யோருபா மொழியில் குடும்பப் பெயர் ‘அடெட்டோக்குன்போ’ என்பதுபோல ஒலிக்கும். கடல் கடந்துபோய்த் திரும்பி வந்த மகுடம் என்று பொருள். கிரேக்கத்தில் நம்மைப்போலவே சில வல்லோசைகளின் மெலிந்த வடிவுக்குத் தனி எழுத்து கிடையாது. நாம் ‘தம்பி’ என்று எழுதும்போது மகரம் முன்னால் நிற்பதால் பகரம் மெலிகிறதல்லவா, ஏறக்குறைய அதே உத்தியில் அவர்களும் மகரத்தையும் பகரத்தையும் சேர்த்து எழுதி அந்த மெலிந்த ஒலியைக் கொண்டுவருகிறார்கள். நகரத்தையும் தகரத்தையும் சேர்த்து இன்னொன்றை. அப்படிக் கிரேக்கத்தில் எழுதிய பெயரை, பாஸ்போர்ட்டுக்காக எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். உச்சரிப்புக்கு உதவ வந்த நகரமும் மகரமும் பெயருக்குள்ளேயே குடியேறிவிட்டன. ‘அடெ’ என்ற மகுடம் ‘ஆன்டெ’ ஆயிற்று. உலகம் முழுவதும் ஜெர்சியின் முதுகில் ஓடுகிற அந்த நீளப் பெயர், ஒரு குமாஸ்தா மேஜையில் நடந்த எழுத்துமாற்றம். அவன் அதைத் திருத்தச் சொல்லவில்லை. மில்வாக்கிக்காரர்கள் அதைச் சொல்லத் திணறியபோது முகம் சுளிக்கவும் இல்லை. அதுவும் பணிவின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

இதே மில்வாக்கிக்கு 1969இல் இன்னொருவர் வந்தார். ஏழடிக்கு மேல் உயரம், நியூயார்க்கில் வளர்ந்தவர், அப்போது பெயர் லூ அல்சிண்டர். முந்தைய வருஷம், கறுப்பர்களை நடத்துகிற விதத்துக்காக அமெரிக்காவின் ஒலிம்பிக் அணியில் சேரவே மறுத்தவர். பத்திரிகைக்காரர்களிடம் அதிகம் பேசமாட்டார், புத்தகமும் ஜாஸ் இசைத்தட்டுகளுமாக இருப்பார். 1971இல் மில்வாக்கிக்கு முதல் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். அதே வருஷம் உலகறியத் தன் பெயரை மாற்றிக்கொண்டார்: கரீம் அப்துல் ஜப்பார். மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை அந்த ஊர்ச் சட்டையில் வாங்கினார். பிறகு, இந்த ஊர் என் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை, மாற்றிவிடுங்கள் என்று கேட்டு 1975இல் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போனார். அவர் நகரத்தை வெறுத்துப் பேசியதில்லை. தனக்கு வேண்டியது இங்கே இல்லை என்று மட்டும் சொன்னார். ஆனாலும் ஒட்டாதவர், முகம் கொடுக்காதவர் என்ற பெயர் அவரைவிட்டுப் போக நெடுங்காலம் ஆயிற்று. ஒருவர் தன் பெயரைத் தானே தேர்ந்துகொண்டார், மற்றவன் கிடைத்த பெயரைச் சுமந்துகொண்டான். நாம் யாரை வாரி அணைத்தோம் என்று பாருங்கள். எழுதிக்கொண்டு வரும்போதே இன்னொன்றும் கண்ணில் படுகிறது. கரீமை எடுத்தவுடன் ‘அவர்’ என்று எழுதிவிட்டேன். யானிஸை இதுவரை ‘அவன்’ என்றே எழுதுகிறேன். இருபத்திரண்டு வயதில் வந்தவர் அவர், பதினெட்டில் வந்தவன் இவன் என்று நான்கு வயது வித்தியாசத்தின் மீது பழி போடலாம். ஆனால் நம் மொழியில் அந்த ‘அவன்’ அன்பினால் வருவதும் உண்டு, உரிமையினால் வருவதும் உண்டு, இவன் நமக்குக் கீழே என்ற நிச்சயத்தினால் வருவதும் உண்டு. மூன்றும் ஒரே விகுதியில் ஒளிந்திருக்கும்போது, எழுதுகிறவனுக்கே எது எது என்று பிரித்துத் தெரிவதில்லை.

மில்வாக்கிக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் இடத்தில் நின்று பார்த்தால் அந்த வரவேற்பின் பசி புரிகிறது. மிஷிகன் ஏரிக்கரையில், பீர் ஆலைகளாலும் பட்டறைகளாலும் எழுந்து, ஆலைகள் மூட மூடச் சோர்ந்துபோன ஊர். குளிர்காலத்தில் ஏரிக்காற்று எலும்பைத் தேடி வரும். எங்கே போக வேண்டுமென்று தேர்ந்தெடுக்கும் வசதி உள்ள நட்சத்திர ஆட்டக்காரன் கடற்கரை நகரங்களைத்தான் தேர்ந்தெடுப்பான். யானிஸ் வந்த 2013-14 பருவத்தில் பக்ஸ் 82 ஆட்டங்களில் 15தான் ஜெயித்தது. அந்த அணியின் வரலாற்றிலேயே அதைவிட மோசமான பருவம் கிடையாது. அரங்கம் பழையது, காலி இருக்கைகள் கண்ணை உறுத்தும், அணியையே வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பேச்சு வேறு. 2014 ஏப்ரலில் அணி 55 கோடி டாலருக்குக் கைமாறியபோது, ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பதே பழைய முதலாளியின் நிபந்தனை. யாரும் வர விரும்பாத ஊருக்கு, வந்ததையே பாக்கியமாக நினைக்கிற ஒருவன் வருகிறான். நமக்கு இங்கே என்ன குறை என்று ஊர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள அவன் முகம் ஒரு கண்ணாடி. உழைப்பு, எளிமை, வாய்ச்சவடால் இல்லாமை என்று தன்னைப் பற்றி அந்த ஊர் என்ன நினைத்துக்கொண்டிருந்ததோ, அதையெல்லாம் அவனிடம் பார்த்தது. 2014 தொடக்கத்தில் விசா கிடைத்து அவன் பெற்றோரும் தம்பிகளும் வந்து சேர்ந்தபோது, ஊரே தன் வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சி பொய்யில்லை.

ஆனாலும் காருக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தத் தம்பதி நல்லவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கதவைத் திறந்தார்கள், உள்ளே சூடு இருந்திருக்கும், ஆறடி ஒன்பது அங்குலத்துக்காரன் முழங்காலை மடக்கி எங்கே வைப்பதென்று தடுமாறியிருப்பான், அவர்கள் சீட்டைத் தள்ளிக் கொடுத்திருப்பார்கள். என்னைத் தூங்கவிடாதது அவர்களுடைய அந்தக் கேள்வி. நீ அந்தப் பையன்தானே? அடையாளம் தெரிந்துகொண்டுதான் நிறுத்தினார்கள். தெரியாமலிருந்தால்? குளிரில் ஒரு கறுப்பு இளைஞன், நெட்டையாக, மெல்லிய ஜாக்கெட்டோடு, சாலையில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் மில்வாக்கியில் எத்தனை கார்கள் நிற்கும்? கறுப்பர் வாழும் பகுதியும் வெள்ளையர் வாழும் பகுதியும் கோடு கிழித்ததுபோலப் பிரிந்துகிடப்பதற்கு அமெரிக்காவிலேயே பெயர்போன ஊர்களில் ஒன்று அது. கறுப்பர்கள் எங்கும் வீடு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் சட்டம் வேண்டும் என்று 1967 ஆகஸ்டில் தொடங்கி 200 இரவுகள் தொடர்ந்து ஊர்வலம் போனார்கள். பாதிரியார் ஜேம்ஸ் க்ரோப்பி முன்னால் நடந்தார். பதினாறாவது தெருப் பாலத்தைத் தாண்டி நகரின் தெற்குப் பக்கம் வந்தபோது கல்லும் பாட்டிலும் பறந்தன. இப்போது அந்தப் பாலத்துக்கு அவர் பெயர். யானிஸ் முதலில் குடியிருந்த வீடு தெற்கே, செயின்ட் ஃபிரான்சிஸில். அந்தத் திசையில் ஒருவன் தடையில்லாமல் வீடு எடுத்துக் குடியிருக்க, முன்னால் நடந்தவர்கள் பணிவாக இருந்துவிடவில்லை.

அந்தக் கார் நின்று நான்கு வருஷம் கழித்து, 2018 ஜனவரி 26ஆம் தேதி பின்னிரவு, இதே பக்ஸ் அணியின் ஸ்டெர்லிங் பிரவுன் ஒரு மருந்துக்கடை வாசலில் காரைத் தப்பாக நிறுத்தியிருந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தின் குறுக்கே. அபராதச் சீட்டு எழுதி அனுப்ப வேண்டிய விஷயம். வந்த போலீஸ்காரருக்கு அவர் யார் என்று தெரியவில்லை. மேலும் போலீஸ்காரர்கள் வந்தார்கள். கீழே தள்ளி, மின்சார அதிர்ச்சிக் கருவியால் தாக்கிக் கைது செய்தார்கள். போலீஸ் சட்டையில் பொருத்திய கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. மே மாதம் வெளியான அந்தக் காட்சியைப் பார்த்தேன். அவர் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. ஆனால் பணிந்தும் நிற்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு சாதாரணமாக நின்றார். அவர்மேல் எந்த வழக்கும் போடப்படவில்லை. 2021இல் நகரம் ஏழரை லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பகலில் ஒரு கார் நின்றதும், இரவில் ஒரு கார் நிறுத்தப்பட்டதும் எனக்கு ஒரே கதையின் இரண்டு பக்கமாகத் தெரிய ஆரம்பித்தது அந்தக் காட்சியைப் பார்த்த அன்றைக்குத்தான். இரண்டிலும் இருப்பது அதே அணியின் ஆட்டக்காரன். ஒரு பக்கம் அடையாளம் தெரிந்தது, மறுபக்கம் தெரியவில்லை. அடையாளம் தெரியாத இடத்தில் கறுப்பு உடம்பு கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே சீட்டு பணிவு என்றால், அந்தப் பணிவைக் குணம் என்று கொண்டாட எனக்கு எப்படி மனசு வரும்?

2020 ஆகஸ்ட் 23ஆம் தேதி, மில்வாக்கிக்குத் தெற்கே ஏரிக்கரையிலேயே இருக்கும் கெனோஷாவில், ஜேக்கப் பிளேக் என்பவரை ஒரு போலீஸ்காரர் பின்னாலிருந்து ஏழு முறை சுட்டார். மூன்று நாள் கழித்து, கொரோனாவுக்காக ஃபுளோரிடாவில் வேலிபோட்டு நடத்திய பிளேஆஃப் எனும் பட்டச் சுற்று ஆட்டத்துக்கு பக்ஸ் அணி களத்துக்கு வரவில்லை. எதிரணி வார்ம்-அப் செய்துகொண்டிருந்தது, கடிகாரம் தயாராக இருந்தது, ஒரு பக்கம் காலியாகவே கிடந்தது. இந்தியாவில் அப்போது பின்னிரவு. திரையில் ஆளில்லாத அந்தப் பாதிக் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பளபளக்கும் மரத்தரையில் விளக்குகள் மட்டும் பிரதிபலித்தன. கடைசியில் கதவைத் திறந்து எல்லோரும் ஒன்றாக வெளியே வந்தார்கள். ஜார்ஜ் ஹில்லும் ஸ்டெர்லிங் பிரவுனும் அறிக்கையை வாசித்தார்கள். பின்னால் நின்றவர்களில் யானிஸும் ஒருவர். இந்த இடத்தில் ‘ஒருவர்’ என்று வந்துவிட்டது, திருத்தப்போவதில்லை. அன்றைக்கு அவர்களில் யாரும் அடக்கமாக இல்லை. ஆனால் அவ்வளவு கண்ணியமாக ஒரு கூட்டம் நின்று நான் அதுவரை பார்த்ததில்லை.

2021 ஜூலையில் அவர் பட்டம் வென்றதையும் சொல்ல வேண்டும். நமக்கு அது ஜூலை 21ஆம் தேதி காலை, பால் பொங்குகிற நேரம். ஐம்பது புள்ளிகள். அந்தப் பிளேஆஃப் முழுக்க, ப்ரீ த்ரோ எறிய அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை எதிர் ஊர்க் கூட்டம் ஒன்று, இரண்டு என்று கூச்சலாக எண்ணிக் கேலி செய்திருந்தது. அன்று சொந்த அரங்கத்தில் 19க்கு 17 உள்ளே போனது. அரங்கத்துக்கு வெளியே மட்டும் 65,000 பேர் நின்றார்கள் என்று சொன்னார்கள். ஐம்பது வருஷம் முன்னால் கரீம் கொடுத்த பட்டத்துக்குப் பிறகு அதுதான் முதல் பட்டம். அந்த இறுதிப் போட்டிகளின்போது நிருபர் ஒருவரின் கேள்விக்கு அவர் சொன்ன பதில் பலருக்கு நினைவிருக்கும். கடந்ததையே எண்ணிக்கொண்டிருப்பது அகந்தை, வரப்போவதையே எண்ணிக்கொண்டிருப்பது கர்வம், இந்தக் கணத்தில் இருக்க முயல்வதே பணிவு என்கிற பொருளில் பேசினார். அதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ அவிழ்ந்தது. நாங்கள் அவருக்குச் சூட்டிய பட்டத்தை அவர் தள்ளவில்லை, பொருளை மட்டும் மாற்றிவிட்டார். அவர் சொன்ன பணிவில் மற்றவர் முன் குனிவது இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்வது இல்லை. பந்து கையில் இருக்கும்போது பந்தோடு இருப்பது, அவ்வளவுதான். அந்தப் பணிவுக்கு ரசிகனே தேவையில்லை.

ஆனாலும் என் பழைய வியாதி அத்தனை சீக்கிரம் போகவில்லை. 2023 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நேர்காணலில், பட்டம் வெல்ல எல்லோரும் என்னளவுக்கு உழைக்கத் தயாரா என்று தெரியாமல் ஒப்பந்தத்தை நீட்டிக்கமாட்டேன் என்றார். பத்து வருஷம் ஆடி, பட்டமும் வாங்கிக் கொடுத்த ஒருவர் கேட்கவேண்டிய கேள்வி. ஆனால் படித்தவுடன் என் நெஞ்சில் ‘ஓஹோ, பேச ஆரம்பித்துவிட்டானா’ என்று ஒரு சுருக். அவன்! மூன்று வருஷம் முன்னால் மனசார வைத்த ‘அவர்’ ஒரு நொடியில் எங்கே போயிற்று? அந்தச் சுருக் எங்கிருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தேன். அதற்கு மில்வாக்கி வரை போக வேண்டியிருக்கவில்லை. அது என் கல்லூரி விடுதி வரைதான் போயிற்று.

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு, நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, தேனிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் விளையாட்டுக் கோட்டாவில் வந்து சேர்ந்தான். கோடைதோறும் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்த்தே வளர்ந்தவன். கை அவ்வளவு மிருது. பலகையில் பட்டு விழுகிற பந்தின் சத்தமே எங்களுடையதைவிட அவனுக்கு வேறாக இருக்கும். வந்த அன்றைக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த எள்ளுருண்டையை டப்பாவோடு எங்கள் அறையில் வைத்துவிட்டு வாசலிலேயே நின்றான், உட்காரச் சொல்லும்வரை உட்காரவில்லை. எங்களுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. தங்கமான பையன் என்று மெஸ்ஸில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னோம். விடிகாலைப் பயிற்சிக்கு முன்னால் எழுந்து சிமெண்ட் தரையில் தேங்கிய தண்ணீரைத் தள்ளுவான். ஏழு பந்து கொண்ட வலைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நடந்து வருவான். வெளியூர் ஆட்டங்களுக்குப் போனால் கிடைக்கும் தினப்படி, டி.ஏ. பணம், முதல் வருஷப் பையன்களுக்குப் போய்ச் சேராது. எங்களுக்கும் முதல் வருஷம் சேர்ந்ததில்லை, ஆகவே அதை ஒரு வழக்கமாகவே நினைத்திருந்தோம். அந்த வருஷம் நாங்கள் ஜெயித்த ஆட்டங்களில் பாதிக்குமேல் அவன் கையால் ஜெயித்தவை.

ஜனவரியில் ஒரு மாலை அறைக்கு வந்தான். பயிற்சி முடிந்து வியர்வையோடு நாங்கள் கட்டிலில் சாய்ந்திருந்தோம். “அண்ணே, அந்த டி.ஏ. எனக்கும் தரணும்ல? வீட்டுக்கு அனுப்பணும்ணே. அப்புறம் இந்தப் பையை நாளைலருந்து ஆளுக்கொரு நாள் தூக்கலாம்ணே.” அவ்வளவுதான் சொன்னான். மூன்று வாக்கியத்துக்கு மூன்று ‘அண்ணே’ போட்டிருந்தான், குரலும் உயரவில்லை. நாங்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம். நான்தான் வாயைத் திறந்து, “என்னடா, நாலு மேட்ச் ஆடினதும் தலைக்கனம் ஏறிடுச்சா?” என்று கேட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தோளிலிருந்த வலைப்பையை மெல்லத் தரையில் இறக்கி வைத்தான். கயிறு சரியாக இறுகவில்லை போலிருக்கிறது, வாய் திறந்து ஒரு பந்து வெளியே வந்து, சிமெண்ட் தரையில் இரண்டு தட்டு தட்டி, உருண்டு என் கட்டிலுக்குக் கீழே போயிற்று. அறையில் ஐந்து பேர் இருந்தோம். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நான் இருந்தேன். அவன் குனிவான் என்று எல்லோரும் காத்திருந்தோம்.